உட்கார்ந்து கார் ஓட்டுபவருக்கு இவ்வளவு வேர்க்குமா? இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கும் ஒரு டம்ளர் மோரும்

சென்னையிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் போகிறவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டை என்றதும் ஹூண்டாய் ஆலையும் சிப்காட் போர்டும் கம்பெனி பஸ் வரிசையும்தான் ஞாபகம் வரும். அதே இருங்காட்டுக்கோட்டையில்தான் இந்தியாவின் மிக முக்கியமான ரேஸ் டிராக்குகளில் ஒன்றும் இருக்கிறது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் இந்த டிராக் 1990-ல் திறக்கப்பட்டது. ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். அதற்கு முன்பு சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில்தான் ரேஸ். ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன், 2010-ல் அங்கே போன கருண் சந்தோக் இருவருக்கும் இது பழகிய தரை. நடிகர் அஜித்குமாரும் இங்கே ஓட்டியவர்தான்.

ரேஸ் முடிந்து ஹெல்மெட்டைக் கழற்றும் ஓட்டுநரைப் பார்த்தால் குளித்துவிட்டு வந்தவர் போல இருப்பார். 'சீட்ல உக்காந்துதானே ஓட்டுறாங்க, இதுல என்ன உடம்பு நோகப் போகுது?' என்று கேட்கிறவர்கள் நிறைய பேர். இந்த வேர்வைக் கணக்கு புரிந்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை கபடி ஆடுகிறவருக்கும், ஷிஃப்ட் முடித்து ஓடப் போகிறவருக்கும் என்ன சாப்பிடுவது, எவ்வளவு குடிப்பது என்பதும் புரிந்துவிடும்.

உள்ளே என்ன நடக்கிறது?

முதலில் உடை. கார் ஓட்டுநர் தீப்பிடிக்காத உள்ளாடை, அதன் மேல் பல அடுக்கு ரேஸ் சூட், கையுறை, முகமூடி, ஹெல்மெட் என்று உடம்பில் ஒரு இடம் விடாமல் மூடியிருப்பார். பைக் ஓட்டுபவருக்குத் தலை முதல் கால் வரை தோல் சூட். வெளியே 35 டிகிரி என்றால், மூடிய ரேஸ் காருக்குள் 50 டிகிரியைக்கூடத் தொடலாம். ஏசி எல்லாம் கிடையாது. ஃபார்முலா காரில் முதுகுக்குப் பின்னாலேயே இன்ஜின்.

உடம்பு தன்னைக் குளிர்வித்துக்கொள்ள ஒரே பெரிய வழி வேர்வை. ஆனால் வேர்வை வழிந்தால் போதாது, அது ஆவியாக வேண்டும். அப்போதுதான் சூடு குறையும். சூட்டுக்குள் காற்று போகாது. சென்னைப் பக்கத்து ஈரக்காற்றில் வெளியேயும் வேர்வை சட்டென்று காயாது. ஆக, உடம்பு மேலும் மேலும் வேர்வையைக் கொட்டும், பலன் மட்டும் கிடைக்காது. ரத்தத்தில் உள்ள நீர் குறையும். தோலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும், தசைக்கும் அனுப்ப வேண்டும் என்று இதயம் வேகமாக அடிக்கும். ரேஸ் ஓட்டுநர்களின் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 150-ஐத் தாண்டுவது சாதாரணம். உட்கார்ந்திருந்தாலும் உடம்பைப் பொறுத்தவரை அது ஓட்டம்தான்.

சிங்கப்பூர் போன்ற புழுக்கமான ஊரில் நடக்கும் ஃபார்முலா ஒன் ரேஸில் ஓட்டுநர்கள் 2 முதல் 3 கிலோ வரை எடை குறைந்து இறங்குவார்கள். குறைந்தது கொழுப்பு இல்லை, முழுக்கத் தண்ணீர். காரில் குடிநீர்ப் பை இருக்கும், குழாய் வாய்வரை வரும். ஆனால் சில சுற்றுகளிலேயே அந்தத் தண்ணீர் டீ சூட்டுக்கு வந்துவிடும் என்று ஓட்டுநர்கள் பலமுறை புலம்பியிருக்கிறார்கள்.

2023 அக்டோபரில் கத்தாரில் நடந்த ரேஸ் இதற்கு நல்ல உதாரணம். இரவு நேரப் போட்டிதான். ஆனாலும் எஸ்டபன் ஓகான் ஹெல்மெட்டுக்குள்ளேயே வாந்தி எடுத்தார். லோகன் சார்ஜென்ட் உடம்பு முடியாமல் பாதியில் விலகினார். லான்ஸ் ஸ்ட்ரோல் கண் இருட்டிக்கொண்டு வந்ததாகச் சொன்னார். அதற்குப் பிறகுதான் உலக மோட்டார் விளையாட்டு அமைப்பான எஃப்.ஐ.ஏ. வெப்ப அபாய விதியைக் கொண்டுவந்தது. வெப்பக் குறியீடு 31 டிகிரியைத் தாண்டும் என்று முன்னறிவிப்பு வந்தால் காரில் ஓட்டுநரைக் குளிர்விக்கும் கருவி பொருத்த வேண்டும். 2025 சிங்கப்பூர் ரேஸில் இது முதல்முறை அறிவிக்கப்பட்டது.

31 டிகிரி! செப்டம்பர் மாதத்தில்கூட சென்னையில் பகல் வெப்பம் சராசரியாக 34 டிகிரி பக்கம் இருக்கும். அந்த விதியை இங்கே கொண்டுவந்தால் வருஷத்தில் முக்கால்வாசி நாள் அபாய நாள்தான்.

2 சதவீதம் என்பது எங்கே உதைக்கும்?

விளையாட்டு மருத்துவத்தில் அடிக்கடி வரும் எண் 2 சதவீதம். உடல் எடையில் 2 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் இழந்தால் செயல்திறன் குறையத் தொடங்கும், குறிப்பாக வெயிலில். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 1.2 கிலோ, அதாவது கிட்டத்தட்ட ஒண்ணேகால் லிட்டர் வேர்வை. ஓடுகிறவருக்குக் கால் கனக்கும். கபடி வீரருக்கு மூச்சு வாங்கும். ரேஸ் ஓட்டுநருக்குக் கவனம் சிதறும், அதுதான் ஆபத்து. 200 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 55 மீட்டர் நகர்கிறது. பிரேக்கில் கால் வைக்க ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமானால் வண்டி ஐந்தரை மீட்டர் கூடுதலாகப் போயிருக்கும். வளைவில் ஐந்தரை மீட்டர் என்றால் டிராக்கை விட்டே வெளியே.

தாகம் எடுக்கும்போது குடிச்சா போதாதா? சாதாரண நாளில் போதும். ஆனால் கொளுத்தும் வெயிலில் விளையாடும்போது தாகம் கொஞ்சம் தாமதமாகத்தான் மணி அடிக்கும். ஹெல்மெட்டுக்குள் இருப்பவருக்கு அந்த மணி கேட்டாலும் பிரயோஜனம் இல்லை. அதனால்தான் வேலையெல்லாம் முன்கூட்டியே முடிய வேண்டும்.

ரேஸ் நாள் காலையில் என்ன சாப்பிடுவது?

இங்கே நடக்கும் தேசிய அளவிலான ரேஸ்கள் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடுபவை. அதனால் வண்டிக்குள் ஜெல், சாக்லேட் என்று எதுவும் தேவைப்படாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் போட்டிகளில்தான் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். 2025 ஜனவரியில் அஜித்குமாரின் அணி தன் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்த துபாய் 24 மணி நேரப் போட்டி மாதிரி இடங்களில் அது கட்டாயம். இருங்காட்டுக்கோட்டையில் கஷ்டம் வேறு மாதிரி. காலையில் பயிற்சி, அப்புறம் தகுதிச் சுற்று, மதியம் ஒரு ரேஸ், மறுநாள் இன்னும் ஒன்றிரண்டு. நடுவில் காத்திருப்பு, வெயிலில் நின்றபடி மெக்கானிக்கோடு பேச்சு. அரை மணி ரேஸைவிட அந்த முழு நாள்தான் உடம்பைக் காயப்போடுகிறது.

போட்டிக்கு 1 முதல் 4 மணி நேரம் முன்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 4 கிராம் மாவுச்சத்து சாப்பிடலாம் என்பது விளையாட்டு ஊட்டச்சத்து நிபுணர்களின் பொதுவான கணக்கு. நேரம் அதிகம் இருந்தால் அதிகம், குறைவாக இருந்தால் குறைவு. 60 கிலோ ஆள், இரண்டு மணி நேரம் முன்னால் சாப்பிடுகிறார் என்றால் நூறு கிராம் சுற்றி வந்தால் போதும். நம்ம ஊர் பாஷையில் ஆறு இட்லி, சாம்பார், ஒரு வாழைப்பழம். ஓட்ஸும் பாஸ்தாவும் வாங்க அலைய வேண்டிய அவசியமே இல்லை. இட்லியில் எண்ணெய் இல்லை, புளித்த மாவு, சீக்கிரம் செரிக்கும், சாம்பாரில் உப்பும் உண்டு. இதைவிட நல்ல போட்டி நாள் காலை உணவு கிடைப்பது கஷ்டம்.

பூரி, வடை, நெய் மிதக்கும் பொங்கல், பரோட்டா, பிரியாணி ஆகியவை ருசியில் குறைந்தவை இல்லை. ஆனால் கொழுப்பு அதிகம் என்பதால் வயிற்றிலேயே நிற்கும். பிரேக் அடிக்கும்போதெல்லாம் வயிறு குலுங்கும் விளையாட்டில் அது வேண்டாம். ரேஸ் முடிந்த பிறகு சுங்குவார்சத்திரத்தில் வண்டியை நிறுத்திப் பிரியாணி சாப்பிட யாரும் தடை சொல்லப் போவதில்லை. இன்னொன்று: இதுவரை சாப்பிட்டுப் பழகாத எதையும் போட்டி நாளில் முதல்முறை முயற்சி செய்ய வேண்டாம்.

தண்ணீரைப் பொறுத்தவரை, சுமார் 4 மணி நேரம் முன்பே ஒரு கிலோ எடைக்கு 5 முதல் 7 மி.லி. குடிக்கலாம். 60 கிலோவுக்கு 300 முதல் 420 மி.லி., அதாவது இரண்டு டம்ளர். அதன் பிறகும் சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால், 2 மணி நேரம் முன்பு இன்னொரு டம்ளர். வெளிர் மஞ்சளாக வந்தால் சரியாக இருக்கிறீர்கள் என்று அர்த்தம். பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை போடுகிறவர்கள் மட்டும் இந்த நிறத்தை நம்பக் கூடாது. அந்த மாத்திரையே மஞ்சளாக்கிவிடும்.

உங்களுக்கு எவ்வளவு வேர்க்கும்? வீட்டு எடை மெஷின் போதும்

ஒருத்தருக்கு மணிக்கு அரை லிட்டர் வேர்க்கும், பக்கத்தில் நிற்பவருக்கு ஒன்றரை லிட்டர். யாரோ யூடியூபில் சொன்ன அளவை நீங்கள் குடிப்பதில் அர்த்தமில்லை. சொந்தக் கணக்கு போடுவது சுலபம்.

விளையாடப் போகும் முன் குறைந்த உடையில் எடை பாருங்கள். முடித்து, வேர்வையைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். முன்பு 60 கிலோ, பின்பு 59.2 கிலோ, நடுவில் அரை லிட்டர் குடித்தீர்கள் என்றால், உங்களுக்கு வேர்த்தது மொத்தம் 1.3 லிட்டர். எடையில் குறைந்த 800 கிராமை ஈடுகட்ட, அடுத்த சில மணி நேரத்தில் 1 முதல் 1.2 லிட்டர் வரை குடிக்க வேண்டும். குறைந்ததைவிட ஏன் கூடுதல்? குடிப்பதில் ஒரு பங்கு சிறுநீராகப் போய்விடும், அதனால்தான். ஒரே மூச்சில் கவிழ்க்காமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் இப்படிப் பார்த்தால் உங்கள் அளவு உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

மாறாக, விளையாடி முடித்த பிறகு எடை கூடியிருந்தால்? அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். இது சிரிக்கும் விஷயம் இல்லை. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. அதே போட்டியில் ஓடிய ஒரு பெண் இதனால் உயிரிழந்தார். தலைவலி, குமட்டல், குழப்பம் என்று அறிகுறிகள் நீரிழப்பு மாதிரியே இருக்கும் என்பதால், பக்கத்தில் இருப்பவர்கள் இன்னும் தண்ணீரையே கொடுப்பார்கள்.

மோரா, இளநீரா, பாட்டிலா?

ஒரு லிட்டர் வேர்வையில் சராசரியாக ஒரு கிராம் அளவுக்கு சோடியம் வெளியேறுகிறது. சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும் ஆட்களுக்கு இன்னும் அதிகம். ஒரு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் விளையாடினால் தண்ணீரோடு உப்பும் உள்ளே போக வேண்டும்.

நீர்மோரில் கால் டீஸ்பூன் உப்பு போட்டால் ஏறத்தாழ 575 மில்லிகிராம் சோடியம் கிடைக்கும். கொஞ்சம் புரதம், கொஞ்சம் பொட்டாசியமும் கூடவே வரும். விலை என்னவென்று எல்லோருக்கும் தெரியும். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. நிறைய வேர்த்தவர் இளநீரை மட்டும் நம்பாமல் கூட உப்புள்ள எதையாவது சாப்பிட வேண்டும். கஞ்சியும் ஊறுகாயும் என்று பெரியவர்கள் வெயிலில் வேலை பார்த்தது சும்மா இல்லை. ரத்த அழுத்தம், சிறுநீரகப் பிரச்னை இருப்பவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டு உப்பைக் கூட்ட வேண்டும்.

கோலா வகைக் குளிர்பானத்தில் 100 மி.லி.க்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை. விளையாட்டு பானங்களில் 6 முதல் 8 கிராம்தான் இருக்கும். அதற்கு மேல் போனால் வயிறு காலியாவது தாமதமாகும். குடித்த தண்ணீர் உடம்பில் சேர நேரமாகும். ஜில்லென்று இருப்பதால் தாகம் தணிந்த மாதிரி தோன்றும், அவ்வளவுதான்.

ஓ.ஆர்.எஸ். பற்றியும் சொல்லியாக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கலவை ஒரு லிட்டருக்கு 20.5 கிராம்: 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் உப்பு, மீதி பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். கடையில் அதே பெயரோடு பழ வாசனையில் டெட்ரா பாக்கெட்டில் விற்றவை பல இந்த அளவில் இல்லை, சர்க்கரைதான் தூக்கல். ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தைகள் நல மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் வருஷக்கணக்கில் இதை எதிர்த்துப் போராடினார். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என உத்தரவிட்டது. மெடிக்கலில் வாங்கும்போது உலக சுகாதார நிறுவனக் கலவைதானா என்று கவரைத் திருப்பிப் பாருங்கள். பாக்கெட் கிடைக்கவில்லையா? ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு அளவு மட்டும் கூடிவிடக் கூடாது.

எனர்ஜி டிரிங்க் வேறு கதை. லிட்டருக்கு 300 மில்லிகிராம் வரை கஃபைன் இருக்கலாம், நாளொன்றுக்கு 500 மி.லி.க்கு மேல் வேண்டாம் என்று அதன் டப்பாவிலேயே பொடி எழுத்தில் இருக்கும். நைட் ஷிஃப்ட்டில் இரண்டு டப்பா, காலையில் வந்து மேட்ச் ஆடும்போது இன்னொன்று என்று போவது இதயத்தோடு விளையாடுவது. தூக்கத்துக்கு மாற்று எதுவும் டப்பாவில் வருவதில்லை.

எடையைக் குறைக்கப் பட்டினி கிடக்கலாமா?

ரேஸில் எடை குறைவு என்றால் வேகம் கூடும். அதனால் முந்தின நாளிலிருந்தே சாப்பிடாமல், தண்ணீரும் குடிக்காமல் வருகிற பழக்கம் உலகம் முழுக்க இருந்தது. உயரமான ஓட்டுநர்கள் பட்டினி கிடந்தே காலம் தள்ளினார்கள். இதைத் தடுக்கத்தான் 2019-ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டுநரும் சீட்டும் சேர்ந்து குறைந்தது 80 கிலோ இருக்க வேண்டும் என்று விதி வந்தது. குறைந்தால் எடைக்கட்டி வைத்தாக வேண்டும். ஒல்லியாக இருப்பதால் கிடைக்கும் லாபம் அதோடு போனது. நம்ம ஊர் கபடியிலும் எடைப் பிரிவுப் போட்டிகளுக்கு முன்பு இதே கூத்து நடக்கிறது. எடை காட்டும் மேடையில் ஜெயித்து ஆடுகளத்தில் விழுவதுதான் மிச்சம். குறைக்க வேண்டுமானால் வாரக்கணக்கில், போட்டிகள் இல்லாத காலத்தில் குறைக்க வேண்டும்.

ஷிஃப்ட்டும் கிரவுண்டும்

ஒரகடம், வல்லம் வடகால், சுங்குவார்சத்திரம் பக்கம் விளையாடும் பையன்களும் பெண்களும் பெரும்பாலும் ஏதோ ஒரு ஷிஃப்ட்டில் இருப்பவர்கள். புத்தகத்தில் இருக்கும் 'காலை 7 மணி உணவு' இவர்களுக்குச் செல்லாது. கடிகாரத்தை விட்டுவிட்டு, விளையாட்டிலிருந்து பின்னோக்கி எண்ணுவதுதான் வழி.

காலை ஷிஃப்ட் முடித்து சாயங்காலம் ஐந்து மணிக்கு கிரவுண்டு என்றால், மதியம் கேன்டீனில் சாதம், சாம்பார், காய், தயிர் என்று முழுச் சாப்பாடு. நாலு மணிக்கு ஒரு வாழைப்பழமோ கடலை மிட்டாயோ. இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு நேராக கிரவுண்டுக்குப் போவதைத் தவிர்க்கப் பாருங்கள். தூங்கி எழுந்து, சாப்பிட்டுவிட்டு விளையாடினால் காயம்படும் வாய்ப்பும் குறையும். லைனில் நிற்கும்போது கழிவறைக்கு அடிக்கடி போக முடியாது என்று தண்ணீர் குடிக்காமலே எட்டு மணி நேரத்தை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி வருபவர் கிரவுண்டில் கால் வைக்கும்போதே கடனில்தான் இறங்குகிறார். இடைவேளை ஒவ்வொன்றிலும் ஒரு டம்ளராவது குடித்துவிட்டு வருவது அவசியம்.

புரதத்துக்கு டப்பா வாங்கித்தான் ஆக வேண்டுமா? தொடர்ந்து பயிற்சி செய்கிறவருக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ எடைக்கு 1.2 முதல் 2 கிராம் புரதம் தேவை. 60 கிலோவுக்குக் குறைந்தபட்சம் 72 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், நூறு கிராம் சமைத்த சிக்கனில் 25 கிராமுக்கு மேல், நூறு கிராம் வேர்க்கடலையில் 25 கிராம். சுண்டல், பருப்பு, தயிர், பால் எல்லாம் சேர்த்தால் எட்டிவிடலாம். விடுதியில் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டிய நிலை என்றால், இரண்டு அவித்த முட்டையும் ஒரு கை கடலையும் தனியாக வைத்துக்கொள்வது நல்லது. உரிமம் பெற்றுப் போட்டியிடும் வீரர்கள் சப்ளிமென்ட் டப்பா விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அதில் தடை செய்யப்பட்ட பொருள் கலந்திருந்தால், 'எனக்குத் தெரியாது' என்ற பதில் ஊக்கமருந்து விசாரணையில் எடுபடாது.

என்ன சாப்பிடுகிறோம் என்பதைவிட அது சுத்தமாக இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லி விடுதியில் உணவு நஞ்சாகி 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து போராடிய பிறகுதான் விடுதிச் சாப்பாடு ஊர் முழுக்கப் பேச்சானது. 2024 ஆகஸ்ட்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் சிப்காட் குடியிருப்பு திறக்கப்பட்டது. போட்டிக்கு முந்தின இரவு வெளியே சாப்பிடுகிறீர்கள் என்றால், கண் முன்னால் சூடாகச் சமைத்துத் தருவதை மட்டும் சாப்பிடுங்கள். மயோனைஸ், வெட்டி வைத்த பழம், எங்கே உறைய வைத்தார்கள் என்று தெரியாத ஐஸ் மூன்றும் வேண்டாம்.

இது தெரிந்தால் விளையாட்டை நிறுத்துங்கள்

வெயிலுக்குப் பழக உடம்புக்கு 10 முதல் 14 நாள் ஆகும். ஊரிலிருந்து லீவு முடிந்து வந்தவர், நீண்ட நாள் ஏசி அறையில் வேலை பார்த்தவர் முதல் நாளே முழு வேகத்தில் ஆடக் கூடாது. தமிழ்நாடு அரசு 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கிறது என்பதும் ஞாபகத்தில் இருக்கட்டும்.

விளையாடுகிறவர் திடீரென உளறுகிறார், கோபப்படுகிறார், தள்ளாடுகிறார், எங்கே இருக்கிறோம் என்றே தெரியாமல் பேசுகிறார் என்றால் அது சாதாரணக் களைப்பு இல்லை, வெப்பப் பக்கவாதமாக இருக்கலாம். வேர்வை நின்றிருக்க வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். விளையாட்டு வீரர்களுக்கு வேர்த்துக்கொண்டே இருக்கும்போதும் இது வரும். உடனே 108-க்கு போன் செய்யுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை சும்மா நிற்காமல் நிழலுக்குத் தூக்கிப் போய், ஹெல்மெட், ஷூ, மேல் உடையைக் கழற்றி, கிடைக்கிற குளிர்ந்த தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றிக்கொண்டே இருங்கள். ஐஸ் இருந்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள், விசிறுங்கள். நினைவு தெளிவில்லாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும்.